இழந்த பலகை: ஒரே லினோவில் நான்கு நிறம்

அத்தை வீட்டுப் பரணில் ஒரு பழைய அரிக்கேன் விளக்கு கிடந்தது. துருப்பிடித்த தகரம், கண்ணாடியில் ஒரு கீறல், மேலே கம்பிப் பிடி. அதை நான்கு நிறத்தில் லினோகட்டாகப் போடலாம் என்று இறங்கினேன். கையில் இருந்தது ஒரே ஒரு லினோலியம் துண்டு, 15க்கு 20 சென்டிமீட்டர். மூன்று வாரத்தில் வேலை முடிந்தது. இப்போது என்னிடம் ஏழு பிரதிகள் இருக்கின்றன. பலகையும் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பலகையை வைத்து எட்டாவது பிரதி போட முடியாது. எவ்வளவு பெரிய அச்சுக்காரரிடம் கொடுத்தாலும் முடியாது. அது ஏன் என்பதைத்தான் இங்கே எழுதி வைக்கப் போகிறேன். கூடவே நான் பண்ணிய ஒரு தப்பையும்.

முதலில் சாதாரண லினோகட். நந்தலால் போஸ் 1930ல் செய்த காந்தி படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. கறுப்புப் பின்னணி, கையில் தடியோடு நடக்கும் காந்தி. தண்டி யாத்திரைக்காகச் செய்தது. அது லினோகட்தான். லினோலியத்தில் உளியால் குடைந்து எடுத்த இடமெல்லாம் வெள்ளை, குடையாமல் விட்ட இடமெல்லாம் கறுப்பு. பலகை மேல் உருளையால் மை தடவி, தாளை வைத்து, பின்பக்கம் அழுத்தித் தேய்த்தால் படம் தாளுக்கு வந்துவிடும். ரப்பர் ஸ்டாம்ப் எப்படியோ அப்படியேதான். படம் இடவலம் மாறி விழும் என்பதும் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரியே.

லினோலியம் என்று கடையில் கேட்டால் பெரும்பாலும் தரையில் விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் காட்டுவார்கள். அது வினைல், லினோலியம் இல்லை. நிஜ லினோலியம் ஆளி விதை எண்ணெயில் செய்வது. இங்கிலாந்தில் ஃபிரெடரிக் வால்ட்டன் என்பவர் 1860களில் காப்புரிமை வாங்கினார். ஆளி விதை எண்ணெய் காற்றுப்பட்டால் மெல்ல இறுகித் தோல் மாதிரி ஆகிவிடும். அதோடு கார்க் தூளைக் கலந்து சணல் துணி மேல் பரப்பினால் லினோலியம். தரைவிரிப்பாகத்தான் வந்தது, கலைக்காக யாரும் செய்யவில்லை. மரத்தில் இருக்கிற மாதிரி ரேகை இதில் கிடையாது. அதனால் உளி எந்தத் திசையில் போனாலும் ஒரே மாதிரி வெட்டும். வெயிலில் பத்து நிமிஷம் வைத்து எடுத்தால் வெண்ணெய் மாதிரி இறங்கும். நம் ஊர் மொட்டை மாடி இதற்கு ரொம்ப வசதி.

ஒரு நிறம் என்றால் இவ்வளவுதான். பல நிறம் வேண்டும் என்றால் என்ன செய்வது?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, நிறத்துக்கு ஒரு பலகை. ஜப்பானியர்கள் 1760களிலிருந்து மரப்பலகையில் அப்படித்தான் பல நிறப் படங்களைப் போட்டார்கள். சிவகாசியில் காலண்டர் அடிப்பதும் அடிப்படையில் அதேதான், நான்கு மைக்கு நான்கு பிளேட். இதில் உள்ள பெரிய சௌகரியம், பலகைகள் அப்படியே இருக்கும். இன்றைக்கு 100 போடலாம், தீர்ந்தால் அடுத்த வருஷம் இன்னொரு 100. நடுவில் ஒரு பலகையில் தப்பு வந்தால் அந்த ஒன்றை மட்டும் புதிதாகச் செதுக்கிக்கொள்ளலாம். சிக்கல் என்னவென்றால், நான்கு தனித்தனிப் பலகைகளில் செதுக்கியது தாளில் ஒன்றின் மேல் ஒன்று மிகச்சரியாக உட்கார வேண்டும். பழைய காலண்டர்களில் முருகனின் உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு நகர்ந்து கன்னத்தில் இருக்குமே, அதுதான் உட்காராமல் போனதன் அடையாளம். அச்சகத்தில் 'ரிஜிஸ்டர் விலகிடுச்சு' என்பார்கள்.

பிக்காசோவுக்கும் இந்தத் தொல்லை இருந்தது. 1950களில் அவர் பிரான்சின் தென்கரையில் குடியேறிவிட்டார். பாரிஸில் இருக்கும் அச்சுப் பட்டறைகள் ரொம்ப தூரம். அங்கே செப்புத் தகட்டை அனுப்பி, சோதனைப் பிரதி திரும்பி வர நாள் கணக்கில் காத்திருக்கும் பொறுமை அந்த மனிதருக்கு இல்லை. பக்கத்தில் வல்லோரிஸ் என்ற ஊரில் இடால்கோ அர்னேரா என்ற அச்சுக்காரர் இருந்தார். அவரோடு சேர்ந்து லினோலியத்தில் முதலில் கண்காட்சிச் சுவரொட்டிகள் போட்டார். பிறகு 1958ல் இளைய க்ரானாக் வரைந்த ஒரு பெண்ணின் உருவப்படத்தை வைத்து, பல பலகைகள் செதுக்கி, ஒரு பெரிய பல நிற லினோகட் செய்தார். பார்க்க அபாரமாக இருக்கும். ஆனால் அத்தனை பலகைகளையும் செதுக்கி, ஒவ்வொன்றையும் ஒரே இடத்தில் உட்கார வைப்பது பெரும்பாடு. அடுத்த வருஷமே அவர் அந்த வழியை விட்டுவிட்டு ஒரே பலகை முறைக்கு மாறினார்.

அந்த முறையைப் பிக்காசோ கண்டுபிடித்தார் என்று பல இடங்களில் எழுதியிருக்கும். அவர் அதைப் பிரபலமாக்கினார், அவ்வளவுதான். அவருக்கு முன்பே அந்த வித்தை தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

ஆங்கிலத்தில் இதற்கு ரிடக்‌ஷன் என்று பெயர், குறைத்துக்கொண்டே போவது. பிரெஞ்சுக்காரர்கள் 'பிளாஞ்ஷ் பெர்த்யூ' என்கிறார்கள், இழந்த பலகை. எனக்குப் பிடித்தது அந்தப் பெயர்தான். இந்த வேலை செய்பவர்கள் தங்களுக்குள் 'தற்கொலை அச்சு' என்றும் சொல்லிக்கொள்வதுண்டு. கொஞ்சம் நாடகத்தனமாக இருக்கிறது, இருந்தாலும் இரண்டாவது நிறம் அடிக்கும்போது அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிடும்.

முறை இதுதான். பலகையில் கொஞ்சம் செதுக்கி, முதல் நிறத்தை வேண்டிய எல்லாத் தாள்களிலும் அடித்துவிட வேண்டும். பிறகு அதே பலகையைக் கழுவி, அதிலேயே இன்னும் கொஞ்சம் செதுக்கி, இரண்டாவது நிறத்தை அதே தாள்களில் மேலே அடிக்க வேண்டும். மறுபடி கழுவி, மறுபடி செதுக்கி, மூன்றாவது நிறம். பலகை தேய்ந்துகொண்டே போகும், தாளில் நிறம் ஏறிக்கொண்டே போகும். கடைசி நிறம் அடிக்கும்போது பலகையில் அந்தக் கடைசி நிறத்துக்கு வேண்டியது மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

படித்தால் சுலபமாகத்தான் இருக்கிறது. எனக்கு இது மண்டையில் ஏற ரொம்ப நாள் ஆயிற்று. காரணம், சின்ன வயதிலிருந்து நாம் படம் வரையும் விதம். கோடு போடுவோம், அப்புறம் வண்ணம் தீட்டுவோம். சிவப்பு வேண்டிய இடத்தில் சிவப்பு. இங்கே கணக்கு தலைகீழ். சிவப்பு வேண்டும் என்றால், தாளில் எல்லா இடத்திலும் சிவப்பை அடித்துவிட்டு, எங்கே சிவப்பாகவே நிற்க வேண்டுமோ அந்த இடத்தைப் பலகையிலிருந்து குடைந்து எடுத்துவிட வேண்டும். குடைந்த இடத்தில் இனி மை ஒட்டாது. அதனால் தாளில் அந்த இடம் அந்த நேரத்தில் இருந்த நிறத்தோடு நின்றுவிடும்.

எனக்கு இது விளங்கியது சுங்குடியை யோசித்தபோதுதான். சுங்குடிச் சேலையில் வெள்ளைப் புள்ளி வேண்டிய இடத்தில் முடிச்சுப் போடுவார்கள். சாயத்தில் முக்கினால் முடிச்சுக்குள் சாயம் போகாது. முடிச்சு எதையும் வரைவதில்லை, இருப்பதைக் காப்பாற்றி வைக்கிறது. பாத்திக்கில் மெழுகு செய்வதும் இதே வேலைதான். மஞ்சளில் முக்கி, மஞ்சளாக நிற்க வேண்டிய இடத்தில் மெழுகு பூசி, அடுத்து சிவப்பில் முக்குவார்கள். ரிடக்‌ஷன் லினோவில் உளிதான் மெழுகு. ஒரு வித்தியாசம், மெழுகைத் தப்பான இடத்தில் பூசிவிட்டால் சாயத்தில் முக்குவதற்குள் சுரண்டிப் பார்க்கலாம். லினோலியத்தில் குடைந்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

இனி என் விளக்குக்கு வருகிறேன். படம் இப்படி: இருட்டு அறை, நடுவில் விளக்கு எரிகிறது, பின்னால் சுவரில் வெளிச்ச வட்டம். மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு, கருநீலம் என்று நான்கு மை. தாளின் வெள்ளையையும் சேர்த்தால் ஐந்து நிறம். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போவதுதான் வழக்கம். மஞ்சள் மேல் நீலம் அடித்தால் நீலம் மூடிவிடும், நீலத்தின் மேல் மஞ்சள் அடித்தால் அழுக்குதான் வரும். வெள்ளை மையைத் தாராளமாகக் கலந்து அடர்த்தியாக்கினால் அடர்நிறத்தின் மேல் வெளிர்நிறம் ஏற்ற முடியும். முதல் முயற்சியில் அந்த வம்புக்குப் போகவில்லை.

முதலில் வெள்ளையாக இருக்க வேண்டியதை மட்டும் குடைந்தேன். சுடரின் நடு, கண்ணாடியில் ஒரு மினுக்கல், அவ்வளவே. மிச்சம் முழுப் பலகையும் மஞ்சளில் அடித்தேன். 16 தாள். பார்த்தால் 16 மஞ்சள் செவ்வகங்கள், நடுவில் அரிசி மாதிரி இரண்டு வெள்ளைப் பொட்டு. வீட்டில் பார்த்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்து, மஞ்சளாகவே நிற்க வேண்டியது: சுடர், கண்ணாடிக்குள் இருக்கும் வெளிச்சம், சுவர் வட்டத்தின் உள்பகுதி. அதைக் குடைந்து ஆரஞ்சு அடிக்க வேண்டும். பிறகு ஆரஞ்சாக நிற்க வேண்டிய வெளிவட்டம், தகரத்தின் மேல் வெளிச்சம் படும் விளிம்பு. அதைக் குடைந்து செங்கல் சிவப்பு. அப்புறம் சிவப்பாக நிற்க வேண்டிய எண்ணெய்த் தொட்டியும் சட்டமும். அதைக் குடைந்து கருநீலம். அந்தக் கருநீலம் விழும் வரைக்கும் படம் படமாகவே இருக்காது. மூன்றாவது நிறம் முடிந்த பிறகும் ஏதோ துணியில் கறை பட்ட மாதிரி மங்கலாகத்தான் இருந்தது. கடைசி நிறம் அடித்துத் தாளைத் தூக்கும்போது சட்டென்று இருட்டு வந்து, இருட்டு வந்ததும் விளக்கு எரிந்தது. அந்த ஒரு கணத்துக்காக இதைத் திரும்பச் செய்வேன் என்று நினைக்கிறேன்.

இதை முன்கூட்டியே மனக்கண்ணில் பார்க்கத் தெரிந்தவர் பிக்காசோ. 1962ல், எண்பது வயதில், விளக்கின் கீழே ஒரு கண்ணாடிக் கோப்பையும் பழங்களும் இருக்கும் படம் ஒன்று இந்த முறையில் செய்தார். மஞ்சள், பச்சை, சிவப்பு, கறுப்பு. சுமார் 53க்கு 64 சென்டிமீட்டர். 50 பிரதிகள் கொண்ட பதிப்பு. அந்தப் படம் வளர்ந்த ஒவ்வொரு கட்டத்தின் சோதனைப் பிரதிகளையும் பிரிட்டிஷ் மியூசியம் வாங்கி 2014ல் காட்சிக்கு வைத்தது. ஒவ்வொரு கட்டத்திலும் பலகை எப்படி இருந்தது, அதுவரை அடித்ததெல்லாம் சேர்ந்து எப்படித் தெரிந்தது என்று வரிசையாகப் பார்க்கலாம். இந்த முறையைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடம் நான் பார்க்கவில்லை. இரவில் செதுக்கிவிட்டுக் காலையில் பலகையை அர்னேராவுக்கு அனுப்புவாராம், மதியம் சோதனைப் பிரதி வந்துவிடுமாம். அடிப்பது, மை கலப்பது, பொருத்துவது எல்லாம் அர்னேராவின் பாடு. புகழ் ஒருவருக்குப் போனாலும் இதில் இரண்டு பேர் வேலை இருக்கிறது என்பதை நானே அடித்துப் பார்த்த பிறகுதான் உணர்ந்தேன்.

ஒரே பலகை என்பதால் பொருத்தத்தில் சிக்கல் இருக்காது என்று நினைக்க வேண்டாம். பலகைக்கும் பலகைக்கும் இடையிலான வித்தியாசம் இல்லை என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு முறையும் பலகை மேல் அதே இடத்தில் வந்து படுக்க வேண்டும். நான்கு நிறம், 16 தாள், 64 தடவை. ஜப்பானியர்கள் பலகையிலேயே இரண்டு சின்ன வெட்டு வைப்பார்கள், மூலையில் ஒன்று, ஒரு பக்கத்தில் ஒன்று. 'கென்தோ' என்று பெயர். தாளின் மூலையை அந்த வெட்டில் நிறுத்தி, பக்கத்தை அடுத்த வெட்டில் உட்கார வைத்து, மெதுவாக விட வேண்டும். அவர்கள் கை அதற்குப் பழகிய கை. இப்போது பலர் பயன்படுத்துவது டெர்ன்ஸ் பர்ட்டன் என்ற பெயரில் வரும் சின்ன உலோக முளைகளும் பிளாஸ்டிக் பட்டைகளும். பட்டையைத் தாளில் ஒட்டிவிட்டு, ஒவ்வொரு தடவையும் சட்டைப் பொத்தான் போடுவது மாதிரி முளையில் மாட்டினால் போதும். எனக்கு அது கிடைக்கவில்லை. அட்டையில் 'ட' மாதிரி ஒரு மூலை ஒட்டிக்கொண்டு அதில் தாளை நிறுத்தினேன். இரண்டாவது நிறத்திலேயே மூன்று தாள் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டது. ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒன்றுமில்லை என்று தோன்றும். சுடரின் ஒரு பக்கம் ஆரஞ்சு ஏறி, மறுபக்கம் மஞ்சள் பிதுங்கி நிற்பதைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. அதற்குப் பிறகு தாளின் மேல் விளிம்பில் ஃபைல் பஞ்ச்சால் இரண்டு துளை போட்டு, பலகை வைக்கும் அட்டையில் இரண்டு மரக்குச்சியை நட்டு, அதில் மாட்டி அடித்தேன். பொருத்தம் நின்றது. முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

மையைப் பற்றிக் கொஞ்சம். நான் பயன்படுத்தியது எண்ணெய் மை, சோப்புத் தண்ணீரில் கழுவக்கூடிய வகை. கண்ணாடித் தட்டில் மையை ரப்பர் உருளையால் உருட்டும்போது சத்தத்தைக் கவனிக்க வேண்டும். சரியான கனத்தில் இருந்தால் பட்டுத்துணி உரசுகிற மாதிரி 'ஸ்ஸ்' என்று மெல்லக் கேட்கும். 'சடசட' என்று ஒட்டிப் பிரிகிற சத்தம் வந்தால் மை அதிகம். அதிகமானால் நுணுக்கமான குடைவுகளுக்குள் மை இறங்கி அடைத்துவிடும். இந்த முறையில் இன்னொரு ஆபத்தும் உண்டு: நான்கு அடுக்கு கனமான மை, தாள் மேல் பெயிண்ட் அடித்த கதவு மாதிரி பளபளவென்று ஆகிவிடும். ஒவ்வொரு அடுக்கும் மெல்லிசாக இருக்க வேண்டும். அழுத்துவதற்கு என்னிடம் பிரஸ் கிடையாது, மரக்கரண்டியின் பின்பக்கம்தான். ஒரு தாளுக்கு ஐந்து நிமிஷம் தேய்க்கணும். 16 தாள் தேய்த்தால் மறுநாள் தோசை திருப்பக்கூடக் கை வராது.

எண்ணெய் மை தண்ணீர் மை மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. அதில் இருப்பதும் ஆளி விதை எண்ணெய் மாதிரியான எண்ணெய்தான், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகும். அதாவது எந்த வேதிமாற்றத்தால் லினோலியம் லினோலியம் ஆகிறதோ அதே மாற்றத்தால்தான் அதன் மேல் தடவும் மையும் காய்கிறது. இதை யோசித்து மகிழ்ந்துகொண்டே நான் இந்த வேலையை ஐப்பசி மழையில் ஆரம்பித்தேன் பாருங்கள், அது முட்டாள்தனம். வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாளில் காய்கிற மை ஆறு நாள் ஆகியும் விரலில் ஒட்டியது. பொறுக்காமல் ஆரஞ்சு அடித்த 13 தாளையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்தேன். நான்கு தாள் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது மை தோல் உரிந்த மாதிரி வந்துவிட்டது. மீதி ஒன்பது. துணி காயப்போடும் கிளிப்பில் கயிற்றில் தொங்கவிட்டிருந்தால் இந்த நஷ்டம் இல்லை.

நான் நிஜமாகச் சொல்ல வந்த தப்பு இது எதுவும் இல்லை. அது ஆரஞ்சு அடிப்பதற்கு முன்னால் நடந்தது.

படத்தைப் பலகையில் பென்சிலால் வரைந்திருந்தேன். மஞ்சள் அடித்து முடித்துப் பலகையைத் துடைத்தபோது பென்சில் கோடும் சேர்ந்து போய்விட்டது. மங்கலாக அங்கங்கே தெரிந்ததை வைத்து, விளக்கைப் பார்த்துப் பார்த்து, பேனாவால் திரும்ப வரைந்தேன். உடம்பு, கண்ணாடி, மூடி எல்லாம் பரப்புகள். கம்பிப் பிடி மட்டும் மெல்லிசானது என்பதால் அதை ஒரே வளைவான கோடாகப் போட்டேன். அடுத்த நாள் செதுக்க உட்கார்ந்தேன். சுடரைக் குடைந்தேன், கண்ணாடியைக் குடைந்தேன், சுவர் வட்டத்தைக் குடைந்தேன். பிறகு கோடு கண்ணில் பட்டது. கோடு இருக்கிறது, கையில் வி வடிவ உளி இருக்கிறது. ஒரே இழுப்பில், கொஞ்சம்கூடக் கை நடுங்காமல், அழகாக அந்த வளைவைக் குடைந்து எடுத்துவிட்டேன். அவ்வளவு சுத்தமான வெட்டு அந்தப் பலகையில் வேறு எங்கும் இல்லை.

பிடி கருநீலமாக வர வேண்டியது. கடைசி வரை பலகையில் நிற்க வேண்டியது. அதன் இரண்டு பக்கமும்தான் குடைய வேண்டும், அதையல்ல. குடைந்து முடித்து, தூளை ஊதிவிட்டு, ஒரு பத்து வினாடி கழித்துத்தான் புரிந்தது. மஞ்சள் கட்டத்தில் குடைந்ததால் அந்த வளைவு இனி எல்லாத் தாளிலும் மஞ்சளாகவே நிற்கும். ஆரஞ்சு ஏறாது, சிவப்பு ஏறாது, நீலம் ஏறாது.

சரிசெய்ய என்ன வழி என்று தேடினேன். குடைந்த இடத்தில் மரத்தூளும் பசையும் கலந்து அடைக்கலாம் என்கிறார்கள், ஆனால் ஒன்றரை மில்லிமீட்டர் அகலமுள்ள வளைவில் அது நிற்காது, நின்றாலும் அதன் மேல் மை ஒரே சீராகப் பிடிக்காது. கடைசியில் தூரிகையால் நீலம் தொட்டுக் கையால் வரைந்துவிடலாம். அது அச்சு இல்லை, மனசு ஒப்பவில்லை. புதுப் பலகை வாங்கி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். 16 தாளில் ஏற்கனவே மஞ்சள் ஏறியாயிற்று, அந்தத் தாள் மலிவும் இல்லை. அப்படியே தொடர்ந்தேன்.

பல பலகை முறையில் இந்தத் தப்பைப் பண்ணியிருந்தால் ஒரு பலகையோடு போயிருக்கும், சாயந்திரத்துக்குள் வேறு செதுக்கியிருப்பேன். இங்கே ஒவ்வொரு வெட்டும் அதற்கு முன் அடித்த எல்லாவற்றையும் பணயம் வைக்கிறது. நான்காவது நிறத்தில் தவறினால் மூன்று நிறத்தின் வேலையும் போகும். அதனால் இப்போது இரண்டு பழக்கம் வைத்திருக்கிறேன். பலகையில் படத்தை அழியாத மார்க்கரில் வரைந்து, மேலே மெல்லிசாக ஷெல்லாக் பூசிவிடுகிறேன். எவ்வளவு துடைத்தாலும் போவதில்லை, மார்க்கர் தாளுக்கும் இறங்குவதில்லை. அடுத்து, படத்தின் ஒரு நகலில் பகுதிகளுக்கு எண் எழுதி வைக்கிறேன்: எந்த நிறம் அடித்த பிறகு எந்த இடம் குடைய வேண்டும் என்று. கடைசி நிறத்துக்கானதைச் சிவப்புப் பேனாவில் 'தொடாதே' என்றே எழுதுகிறேன். செதுக்கும்போது படத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறேன். கை தன்னிஷ்டத்துக்குப் படம் வரையப் போவதைத் தடுக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. உளியைப் பிடிக்காத கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கணும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், அதைக் கற்றுக்கொண்ட தழும்பு இடது கட்டைவிரலில் இருக்கிறது.

இந்த முறையால் எல்லாப் படமும் வராது. விளக்கு மாதிரி ஒரே குடும்பத்து நிறங்கள் அடுக்கடுக்காக இருட்டுக்குப் போகிற படத்துக்கு இது சொன்ன பேச்சைக் கேட்கும். சிவப்புப் பூவும் பக்கத்திலேயே நீல வானமும் என்றால் தகராறு. வானத்துக்கு அடியிலும் சிவப்பு ஏறிவிடும், பிறகு நீலம் ஊதாவாகத்தான் தெரியும். அப்போது பலகையில் வேண்டிய இடத்துக்கு மட்டும் சின்ன உருளையால் மை தடவலாம், வேண்டாத இடத்தைக் காகிதம் வெட்டி மறைக்கலாம். பலர் செய்கிறார்கள். எனக்கு அதைவிட, முறைக்கு ஒத்துப்போகும் படத்தைத் தேர்ந்தெடுப்பது மேல் என்று படுகிறது.

கடைசிக் கணக்கு: 16ல் தொடங்கி, மூன்று பொருத்தம் விலகிப் போய், நான்கு ஒட்டிப் போய், கருநீலம் அடிக்கும்போது இரண்டு கசங்கிப் போய், ஏழு. பென்சிலால் கீழே 1/7, 2/7 என்று எண் போட்டேன். இந்த எண் போடுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கணினியிலிருந்து எடுக்கும் பிரிண்ட்டுக்கும் இப்படி எண் போட்டு விற்கிறார்கள். அங்கே அது ஒரு வாக்குறுதி, இதற்கு மேல் போட மாட்டேன் என்பது. விற்பவர் மனம் மாறினால் இன்னொரு 50 போடலாம். பல பலகை முறையில்கூட, பலகையைக் கீறிப் பாழாக்கினால்தான் பதிப்பு முடிந்தது என்று நம்ப முடியும். ரிடக்‌ஷனில் வாக்குறுதிக்கே வேலை இல்லை. ஆரஞ்சுக்காகக் குடைய ஆரம்பித்த நிமிஷமே மஞ்சள் பலகை உலகத்தில் இல்லை. எத்தனை பிரதி என்பதை முதல் நாளே, படம் நன்றாக வருமா என்றே தெரியாதபோது, முடிவு செய்தாக வேண்டும். அதற்கு மேல் ஒன்றுகூடச் சேராது, குறையத்தான் செய்யும். அடுத்த தடவை ஏழு வேண்டும் என்றால் 20 தாளில் ஆரம்பிப்பேன்.

முதல் பிரதியைச் சட்டம் போட்டு அத்தைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "நம்ம விளக்குதான். ஏன்டா பிடி மட்டும் மஞ்சளா இருக்கு?"

படம் பார்த்த நண்பர்கள் எல்லோரும் வெளிச்சம் பட்டு மினுங்குகிறது என்று பாராட்டியது அந்தப் பிடியைத்தான். நானும் மறுக்காமல் இருந்துவிட்டேன். அந்த விளக்கைத் தினம் கையில் பிடித்தவரிடம் அது நடக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"சரி, அதனால என்ன. சின்னவனுக்கு ஒண்ணு அனுப்பணும், பிடியைக் கறுப்பாக்கி இன்னொண்ணு போட்டுக் குடு."

பலகையைப் பையில் கொண்டுபோயிருந்தேன். எடுத்துக் காட்டினேன். இருட்டும் நிழலும் சில விளிம்புகளும் மட்டும்தான் அதில் மேடாக நின்றன. விளக்கு இருந்த இடம் பள்ளம். அத்தை விரலால் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்தார்.

"விளக்கை எங்கடா காணோம்?"

"அதெல்லாம் தாள்ல போயிடுச்சு அத்தை."

"இவ்ளோ பாடுபட்டு ஏழுதானா?"

சின்னவனுக்கு 4/7ஐ அனுப்பியிருக்கிறேன்.